நசாரியா அண்ணி துடைத்த எலும்புகள்

நசாரியா அண்ணி கல்யாணமாகி எங்கள் பொமுச் ஊருக்கு வந்த முதல் வருடம், அக்டோபர் கடைசியில், என் அம்மா அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். மாடத்திலிருந்து மரப்பெட்டியை இறக்கி, என் அப்பாவின் மண்டையோட்டை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். கூடவே ஒரு பிரஷ்ஷையும் நீட்டினாள்.

"இதாம்மா உன் மாமனார். கூச்சப்படாத. உயிரோட இருந்தப்பவே வாயைத் திறக்காத மனுஷன்."

அண்ணி போட்ட அலறலில் மரத்திலிருந்த காக்கை கூடப் பறந்துவிட்டது. நல்லவேளை, அப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். அவள் வாசல்வரை ஓடிப்போய், கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே நின்றாள். என் அண்ணன் எர்மிலோதான் போய்க் கூட்டிவந்தான்.

"பொணத்தைத் தொட வச்சிட்டாங்க, எர்மிலோ!"

"பொணம் இல்ல நசா. எங்கப்பா."

அவள் பிறந்தது கடற்கரைப் பக்கம். அங்கே புதைத்தால் புதைத்ததுதான். எங்கள் ஊரில் அப்படி விடமாட்டோம். மூன்று வருடம் போனதும் வெளியே எடுத்து, துடைத்து, பூத்தையல் போட்ட வெள்ளைத் துணி விரித்த பெட்டியில் வைப்போம். அப்புறம் வருடா வருடம் துடைத்துத் துணி மாற்றுவோம். நவம்பர் பண்டிகைக்குச் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்கள் பழைய துணியோடா வருவார்கள்?

இரண்டு மூன்று வருடத்தில் அண்ணி எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். துடைக்கும்போது பேச வேறு ஆரம்பித்தாள். "மாமா, உங்க பிள்ளை இந்த வருஷம் கூரைக்கு ஓடு மாத்தறேன்னு சொல்லி இன்னும் மாத்தல, கேளுங்க" என்று அப்பாவின் முன்கை எலும்பைத் தேய்த்தபடி புகார் சொல்வாள். பக்கத்துப் பெட்டிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அவள் பேச்சைக் கேட்பார்கள். அம்மா போனபிறகு அம்மாவை வெளியே எடுத்துத் துடைத்ததும் அண்ணிதான். பெற்ற மகளான நான் பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டு நின்றேன்.

எர்மிலோ கொத்தனார். கடற்கரை ஓட்டல்களில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வேனில் ஊருக்கு வருவான். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து இடது தொடை முறிந்தது. உள்ளே இரும்புத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். மழை வருவதற்கு முன்பே கால் வலிக்கும். "ரேடியோ எதுக்கு, எங்கப்பா கால் இருக்கே" என்பாள் அவன் மகள் தெல்மி.

அந்த வேன்தான் ஒரு நாள் எதிரே வந்த லாரியில் மோதியது. நான் என் சோள ரொட்டிக் கடையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மெஷினை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. ரொட்டிகள் தரையில் விழுந்து விழுந்து குவிந்துகொண்டே இருந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேனில் வந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். பல ஊர் ஆட்கள். வெயில் காலம். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆணியடித்த பெட்டியாகத்தான் அண்ணனை அனுப்பினார்கள். திறக்கவேண்டாம், பார்க்கிற நிலையில் இல்லை என்றார்கள். அண்ணி பெட்டியின் மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். "மூணு வருஷம்தானே. பொறுத்துக்கறேன். அப்புறம் பார்க்கறேன்" என்றாள்.

அந்த மூன்று வருடமும் அவள் கல்லறைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. சுவர் வைத்து அடைத்த கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசுவாள். நான் கூடப் போனால் தூரமாக நிற்கச் சொல்வாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு, உனக்கென்ன என்பாள். நவம்பர் வந்தால் படையல் போடுவாள். வாழையிலையில் பொதிந்து குழிக்குள் சுட்ட கோழி அடை, சாக்லேட், அவன் குடிக்கும் பீர், செண்டுமல்லிப் பூ, நடுவில் அவன் போட்டோ. மூன்றாவது வருடத்துக்காகத் துணியும் தைத்துவிட்டாள். ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளும் பூ. நடுவில் எர்மிலோவின் பெயர்.

வெளியே எடுக்கும் நாளில் அண்ணி, தெல்மி, நான் மூவரும் போனோம். கல்லறைத் தோட்டத்து எவாரிஸ்தோ அண்ணன் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணி தலைசீவிப் பூ வைத்து, புது ரவிக்கை போட்டு வந்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கியே தாயி" என்றார் எவாரிஸ்தோ.

"பின்ன? மூணு வருஷம் கழிச்சுப் புருஷனைப் பார்க்கறேன். கிழிசலோடயா வருவாங்க?"

சுவரை உடைத்தார். பெட்டியை இழுத்துத் தரையில் வைத்து, பலகையைப் பெயர்த்தார். துணியெல்லாம் நைந்துபோயிருந்தது. சின்ன எலும்புகளை முதலில் எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, துடைத்து, விரித்த துணியில் வைத்தாள். "வாங்க, வாங்க. என்ன இப்படி இளைச்சுட்டீங்க" என்று சிரித்தாள். தெல்மியும் சிரித்தாள். அப்புறம் தொடை எலும்பு வந்தது.

அண்ணி அதை வாங்கித் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"இது வலது காலாண்ணே?"

"இடது, தாயி."

"அப்போ அந்த இன்னொண்ணைக் குடுங்க."

இன்னொன்றையும் வாங்கிப் பார்த்தாள். இரண்டுமே மொழுமொழுவென்று இருந்தன. தகடு இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகூட இல்லை. முறிந்து கூடிய வடு இல்லை.

என் வாய் ஏதோ சொன்னது. "அண்ணி, மூணு வருஷமாச்சு. துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும்."

"இரும்பே உதிர்ந்துபோச்சுன்னா எலும்பு எப்படிடி முழுசா இருக்கு?" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "எவாரிஸ்தோ அண்ணே, தலையை எடுங்க."

அவர் தயங்கினார். "தாயி, நாம வேணும்னா நாளைக்கு..."

"எடுங்கண்ணே."

எடுத்தார். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் வெயிலில் பளிச்சென்று மின்னின. தங்கப் பல். கீழ்வரிசையில் ஒரு பல் குறுக்கே வளர்ந்திருந்தது. என் அண்ணன் வாயில் தங்கம் மட்டுமில்லை, பித்தளைகூட இருந்ததில்லை.

பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் தங்கள் பெரியப்பாவைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான். தெல்மி பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் முட்டிக்கொண்டாள்.

"இவரு யாரு?" என்றாள் அண்ணி. எங்களைக் கேட்கவில்லை. அந்த மண்டையோட்டைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, நீங்க யாரு?"

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"தூலி, நான் என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து... ஐயோ! கட்டின புருஷன்கிட்ட சொல்றதையெல்லாம் சொல்லியிருக்கேனே! அந்நிய ஆம்பளைகிட்ட!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. அவளுக்கு இரண்டுமே வரவில்லை.

எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். "உள்ள வச்சு மூடிடலாமா தாயி? யாருக்கும் தெரியவேண்டாம்."

அண்ணி எர்மிலோவின் பெயர் தைத்த துணியை எலும்புகளுக்கு அடியிலிருந்து மெல்ல உருவி மடித்து என்னிடம் கொடுத்தாள். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்தாள். பிரஷ்ஷை எடுத்தாள்.

"இவருக்கும் எங்கயோ யாரோ இருப்பாங்க. வெளிய கூப்பிட்டுட்டு அழுக்கோட விடறதா?"

ஒவ்வொரு எலும்பாகத் துடைத்தாள். அவள் பேசாமல் துடைத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். வலது கைச் சுண்டுவிரலில் ஓர் எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. அதை மட்டும் வெயிலில் பிடித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு வைத்தாள். எல்லாவற்றையும் சால்வையோடு சேர்த்து, அண்ணனுக்காகக் கொண்டுபோன மரப்பெட்டியில் வைத்து மாடத்தில் ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்ததும் தெல்மி கேட்டாள். "அம்மா, அப்போ அப்பா உயிரோட இருக்காரா?"

அந்தக் கேள்வியைத்தான் வழி நெடுக நானும் விழுங்கிக்கொண்டு வந்தேன். அண்ணி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். தீக்குச்சி விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"உயிரோட இருந்தா, என்னைத் திட்டறதுக்காவது ஒரு தடவை போன் பண்ணியிருப்பாரு" என்றாள்.

ஆனால் தெல்மி கேட்கவில்லை. தலையில் அடிபட்டு நினைவு தப்பி எங்கேயாவது இருக்கலாம் என்றாள். தெருவில் மூன்றுசக்கர வண்டி நின்றால் ஓடிப்போய்ப் பார்த்தாள். அந்த வருடப் படையலில் அப்பாவின் போட்டோவை வைக்கக்கூடாது என்று சண்டை போட்டாள். "உயிரோட இருக்கற மனுஷனுக்குப் படையல் போட்டா நாமளே கொல்றோம்னு அர்த்தம்!" அண்ணி போட்டோவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். செண்டுமல்லிக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

விபத்தில் தப்பியவர்களில் பக்கத்து ஊர் வில்பெர்த்தை எங்களுக்குத் தெரியும். அவனைத் தேடிப்போனோம். தங்கப் பல் என்றதுமே அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"தெயோஃபிலோ! ஆத்தங்கரை ஆளு, ஹோனுத்தா ஊரு. எர்மிலோ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாரு. ரெண்டு பேரும் ஒரே சீட்டு." அவன் குரல் இறங்கியது. "அண்ணி... ரெண்டு பேருமே அங்கயே போயிட்டாங்க. நான் பார்த்தேன்."

தெல்மியிடம் இதைச் சொன்னோம். அவன் சரியாகப் பார்த்திருக்கமாட்டான் என்றாள்.

நவம்பர் முதல் தேதி நானும் அண்ணியும் பஸ் மாறி மாறி ஹோனுத்தா போய்ச் சேர்ந்தோம். ஆறு தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. தெயோஃபிலோவின் வீட்டை விசாரித்துப் போனபோது வாசல் திறந்திருந்தது. உள்ளே படையல். நடுவில் போட்டோ. தங்கப் பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "இவர்தான்டி" என்றாள். பத்து நாளுக்கு முன் அவள் கையில் இருந்த சிரிப்பு அது.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். அண்ணியைவிட இளையவள். லியோகாதியா, தெயோஃபிலோவின் மனைவி. பண்டிகைக்கு வந்த விருந்தாளி என்று நினைத்து எங்களை உட்காரவைத்துக் குடிக்கச் சூடான சாக்லேட் கொடுத்தாள். படையலில் ஆற்று மீன் சுட்டு வைத்திருந்தாள், முதலை மூஞ்சி மீன், முழுசாக. "அவருக்கு இதுன்னா உயிரு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அண்ணனுக்கு மீன் வாடையே ஆகாது. மூன்று வருடமாக இங்கே வந்து மீனைப் பார்த்துவிட்டுப் பட்டினியாகத் திரும்பினானா? அங்கே தெயோஃபிலோ என்னத்தைச் சாப்பிட்டார்? இப்படியெல்லாம் மனம் ஓடுகிறது, அந்த நேரத்தில்!

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சி, நீ மெழுகுவத்தி ஏத்தறது என் புருஷனுக்கு. உன் புருஷன் என்கிட்ட இருக்காரு" என்றாள்.

லியோகாதியாவுக்கு முதலில் புரியவில்லை. நான் வேன், பெட்டி, இரும்புத் தகடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறிக்கொண்டே போனது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"தோண்டி எடுத்தீங்களா?"

"எங்க ஊர்ல..."

"கையால தொட்டீங்களா? என் புருஷனை... எலும்பு எலும்பா எடுத்து, கையால?"

"துடைச்சேன் தங்கச்சி. சுத்தமா."

லியோகாதியா எழுந்தாள். சாக்லேட் கோப்பையை எங்கள் கையிலிருந்து பிடுங்கினாள். "நீங்க மனுஷங்களா, பேயா? வெளிய போங்க! நாளும் கிழமையுமா வந்து... போங்க வெளிய!" கதவு மூடியது.

ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தோம். ஊரெல்லாம் சாம்பிராணிப் புகை. "அவ சொன்னதுல தப்பில்ல தூலி. நானும் முதல் நாள் அப்படித்தான் கத்தினேன்" என்றாள் அண்ணி.

பஸ்ஸுக்குக் கிளம்ப எழுந்தபோது லியோகாதியா தலைமுக்காட்டோடு வந்து நின்றாள். பக்கத்தில் வரவில்லை. ஓர் ஆள் தள்ளியே நின்றாள்.

"பல்லை போட்டோல பார்த்துச் சொல்லலாம். வேற என்ன பார்த்தீங்க, சொல்லுங்க."

"கீழ்வரிசைல ஒரு பல்லு குறுக்க நிக்குது. வலது கைச் சுண்டுவிரல் கோணலா ஒட்டியிருக்கு" என்றாள் அண்ணி.

லியோகாதியா தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "படகுல மாட்டிக்கிச்சு. நான்தான் துணி சுத்தினேன். எனக்குச் சரியாக் கட்டத் தெரியல." அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். "அவரு இங்க இல்லியா? மூணு வருஷமா அங்க யாருகிட்ட அழுதேன்?"

அண்ணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடவில்லை. தொட்டால் பயந்துவிடுவாளோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நானும்தான்" என்றாள்.

இருவரையும் மாற்றிக்கொள்ள அனுமதி வாங்குவதற்குள் மழைக்காலமும் பனிக்காலமும் போய்விட்டன. லியோகாதியாவின் கொழுந்தன் வேறு, கல்லறையைத் தொட்டால் வெட்டுவேன் குத்துவேன் என்று குதித்துக்கொண்டிருந்தான். அவனை எப்படிச் சமாதானம் செய்தாளோ. கடைசியில் ஒரு நாள் காலையில் வரச்சொல்லித் தகவல் வந்தது. எவாரிஸ்தோ தன் மச்சானின் வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டினார். தெல்மி வரமாட்டேன் என்றவள், வண்டி கிளம்பும் நேரத்தில் ஏறிக்கொண்டாள். தெயோஃபிலோவின் பெட்டியை வழியெல்லாம் அண்ணி மடியில் வைத்திருந்தாள். அவருக்கென்று புதிதாக ஒரு துணி தைத்திருந்தாள், ஓரத்தில் நீலப் பூக்கள்.

வழியில் சோதனைக்கு நிறுத்திய போலீஸ்காரர் "பெட்டில என்னம்மா?" என்றார்.

"ஒருத்தர். அவரோட வீட்ல கொண்டுபோய் விடப் போறேன்" என்றாள்.

அவர் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அடுத்த நொடி எங்களைப் போகச் சொல்லிவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹோனுத்தாவில் மண் ஈரமாக இருந்தது. ஆற்றோரத்துக் கரிய மண். எவாரிஸ்தோ குழியில் இறங்கித் தோண்டினார். லியோகாதியா முகத்தை மூடிக்கொண்டு தள்ளி நின்றாள். தெல்மி குழியின் விளிம்பிலேயே நின்றாள். "இருக்காது, இருக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இது மூன்றாவதாக வேறு யாரோ, அவள் அப்பா எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறார் என்று கடைசிவரை நம்பினாள்.

மண்வெட்டி எதிலோ பட்டு 'ணங்' என்றது.

பெட்டிப் பலகையெல்லாம் ஈரத்தில் மக்கிப்போயிருந்தது. எவாரிஸ்தோ குனிந்து எடுத்தார். மண் ஒட்டிய தொடை எலும்பு. அதில் தகடு. கையால் வழித்ததும் திருகாணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. துருவே இல்லை.

தெல்மி கத்தவில்லை. குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தகட்டைத் தொட்டாள். "அப்பா" என்றாள். மூன்று வருடத்துக்கு முன் சாவு வீட்டில் அவள் சரியாக அழவில்லை. எல்லோரும் கல்நெஞ்சு என்றார்கள். அன்றைக்குத்தான் அழுதாள். அந்தச் சத்தத்தில் கொழுந்தன்காரன்கூடத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். என் அண்ணன் இரண்டாம் தடவையாகச் செத்துப்போனான். முதல் தடவையைவிட அது மோசமாக இருந்தது.

அண்ணி அழவில்லை. எலும்புகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஈர மண்ணை விரலால் வழித்து, பெயர் தைத்த துணியில் அடுக்கினாள். எதுவும் விடுபட்டுவிடக்கூடாது என்று குழியை இரண்டு தடவை தேடச்சொன்னாள்.

பிறகு தெயோஃபிலோவின் முறை. லியோகாதியா அப்போதுதான் பெட்டி அருகில் வந்தாள். உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணியில், நீலப் பூக்களுக்கு நடுவில், சுத்தமாக. வெகு மெதுவாக ஒரு விரலை நீட்டி நெற்றியைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். இந்தத் தடவை எடுக்கவில்லை.

பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். கொழுந்தன் மண்வெட்டியை எடுத்தான். முதல் மண் மூடியின்மேல் விழுந்ததுதான் தாமதம், அண்ணி பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணைப் போடாதீங்க! அழுக்காகுது! நான் துடைச்சு வச்சிருக்கேன்யா, மண்ணைப் போடாதீங்க!"

என் அண்ணன் செத்தபோது அவள் இப்படிக் கத்தவில்லை. தகடு கிடைத்தபோது கத்தவில்லை. யாரோ ஒரு தங்கப் பல்காரருக்காக, முன்பின் பார்த்திராத மனுஷருக்காக, நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். நானும் தெல்மியும் இரண்டு பக்கமும் பிடித்தும் அவளை நிறுத்த முடியவில்லை.

லியோகாதியாதான் வந்தாள். அண்ணியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். போன நவம்பரில் பேயின் கை என்று அவள் துரத்திய கை.

"அக்கா, இவரு எங்க ஊர் ஆளு. சின்னதுலேர்ந்து இந்த மண்ணுல புரண்டவரு. இதுதான் அவருக்குப் பழக்கம். விடுங்கக்கா. நல்லாத் தூங்குவாரு."

அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு மெல்ல அடங்கியது. பிறகு தலையை அசைத்தாள். கொழுந்தன் மண் தள்ளி முடிக்கும்வரை லியோகாதியாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று லியோகாதியா விடவில்லை. ஆற்று மீன் சுட்டாள். அண்ணி நன்றாகச் சாப்பிட்டாள், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். திரும்பும் வழியில் அண்ணன் தெல்மியின் மடியில் வந்தான். ஹோனுத்தா பாலம் தாண்டுவதற்குள் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நகத்தடியில் இன்னும் கரிய மண் இருந்தது. பொமுச் வந்து வண்டி நின்ற பிறகும் அவளை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.